மோழை ஆடு காட்டிய கன்றுகள்

மயிலத்தை அடுத்த ஓர் ஊரில் பன்னிரண்டு வெள்ளாடுகளை வைத்துப் பிழைப்பவள் கெங்கம்மாள். ஏரிக்குள் மண்டிய வேலிக்காத்தான் என்ற சீமைக் கருவேலத்தை அழித்துவிட்டு, கொக்கும் நாரையும் கூடு கட்ட நாட்டுக் கருவேலம் நடுவதென்று ஊரில் முடிவானது. வாங்கி வந்த விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. "ஆடு கருவேலங்காயத் தின்னு, அசபோட்டுத் துப்புற வெதைதாங்க மொளைக்கும்" என்று சொல்லி, தன் ஆட்டுப்பட்டியைக் கூட்டி அந்த விதைகளை அள்ளினாள். பால் கவரில் மண் நிரப்பித் தொண்ணூறு கன்று வளர்த்து, ஆவணியில் ஏரிக்குள் நட்டாள். ஆடு கடித்துவிடும் என்ற பயத்தில், அன்றிலிருந்து மேய்ச்சலுக்கு இரண்டு மைல் தள்ளிப் போனாள்.

ஐப்பசி மழைக்கு வேலிக்காத்தான் மறுபடி முளைத்தது. அதைப் பிடுங்க நூறு நாள் வேலைக்காரர்கள் இறங்கினார்கள். சேதி கேட்டு கெங்கம்மாள் ஓடி வந்தபோது, அவர்களில் ஒருத்தியான அமலாவின் கையில் பிடுங்கிய செடி ஒரு கட்டு இருந்தது.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணிக்கினு கீற? இது நான் நட்டதுடி!"

"ஐயோ! ரெண்டும் ஒரே மாரி முள்ளா கீதேக்கா. நான் இன்னாத்தக் கண்டேன்?"

குனிந்து பார்த்தாள் கெங்கம்மாள். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது. வேலையை நிறுத்தினால் வேலிக்காத்தான் மூடிவிடும்; தொடர்ந்தால் மிச்சக் கன்றும் போய்விடும். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனவள், கொம்பில்லாத மோழை ஆட்டைப் பிடித்து வந்தாள்.

"வேலிக்காத்தான் தழைய இது வாயாலகூடத் தொடாது. எதுக்கு வாயக் கொண்டு போவுதோ, அத உட்டுடுங்க. கயித்த இழுத்துப் புடி அமலா, ஜல்தி!"

ஆடு வரிசையாக மோந்துகொண்டே போனது. முகத்தைத் திருப்பிய செடியைப் பிடுங்கினார்கள். நாக்கை நீட்டிய செடியை விட்டார்கள்.

"இதுக்கும் ஒரு நூறு நாள் அட்டை போடச் சொல்லுக்கா. நம்மளவிட நல்லா வேலை செய்யுது" என்றாள் அமலா. எல்லாரும் சிரித்தார்கள். கெங்கம்மாள் மட்டும் பிடுங்கிப் போட்ட செடிக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமலா கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தாள். கட்டைப் பிரித்து, வேர் அறாத கருவேலங்கன்றுகளை ஆட்டிடம் காட்டிக் காட்டிப் பொறுக்கினாள். பதினேழு தேறின.

"பொழைக்குமாக்கா?"

"தெரியலடி. நட்டுப் பாப்போம்."

நட்ட ஒவ்வொன்றிலும், இனி யாரும் பிடுங்காதபடி அடையாளமாக, தன் துண்டைக் கிழித்து அமலா இறுக்கிக் கட்டினாள். திட்ட வாயெடுத்த கெங்கம்மாள் பின்னாலேயே போய், தண்டு பருக்க இடம்விட்டு, ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.