எடை பார்த்து ஏற்றிய விமானம்

ஒரு விமானம் தரையை விட்டு எழும்ப வேண்டுமே என்பதற்காக நான்கு நாள் பட்டினி கிடந்தவன் நான். அப்போது வயது ஒன்பது. பின்னாளிலும் எத்தனையோ மடத்தனங்கள் செய்திருக்கிறேன். ஆனால் எதையும் இவ்வளவு மன உறுதியோடு செய்ததில்லை.

சித்தப்பாவுக்குப் பெங்களூரில் ஒரு வாடகை விமானக் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேப்டன், யுத்தத்தில் பறந்து தேய்ந்த ஒரு டகோட்டா விமானம். பந்தயக் குதிரைகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும். கல்யாணக் கோஷ்டி கேட்டால் தரையைக் கழுவி, நாற்காலி பூட்டி, அவர்களையும் கொண்டுபோகும். குதிரை வாசனை மட்டும் இரு தரப்புக்கும் பொது. பிறகு சர்க்கார் பெரிய விமானக் கம்பெனிகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. எங்களுடையதை இனாமாகக்கூட யாரும் கேட்கவில்லை. மூடுவதென்று முடிவானதும், கடைசியாகச் சிப்பந்திகளின் குடும்பங்களை ஊருக்கு மேலே ஒரு சுற்று அழைத்துப் போவதாகக் கேப்டன் சொன்னார்.

சித்தப்பாவின் உத்தியோகம் எடை பார்ப்பது. குதிரையோ, மாப்பிள்ளையோ, மாப்பிள்ளையின் டிரங்குப் பெட்டியோ, அவர் தராசில் ஏறாமல் விமானத்தில் ஏற முடியாது. எங்கள் ஒக்கலிபுரம் வீட்டில் அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

"எடை கூடுச்சுன்னா யாரா இருந்தாலும் இறக்கிடுவேன். அண்ணன் புள்ளைன்னு பாக்க மாட்டேன்."

அண்ணன் பிள்ளை நான்தான். காலை இட்லி பக்கத்து வீட்டு நாய்க்குப் போயிற்று. களி உருண்டையைச் சட்டைப் பையில் மறைத்துக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டேன். நகம் வெட்டினேன். சாமிக்கு வேண்டுதல் என்று அம்மாவிடம் புளுகி மொட்டையும் போட்டுக்கொண்டேன். மிச்சமிருந்த ஒரே ஆபத்து என்னோடு வரப்போகும் அத்தை. என்னைப் போல நான்கு பேரைப் பிசைந்து செய்த உடம்பு.

"அத்தை, ரெண்டு சப்பாத்தி போதுமே," என்று அக்கறையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏண்டா, என் தட்டையே எண்ணிக்கிட்டிருக்க? கண்ணு பட்டுடும். அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

அந்த நாளும் வந்தது. கொட்டகையில் தராசைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டாள்.

"ஊர்ப்பட்ட ஆம்பளைங்க முன்னாடி என்னை மூட்டை மாதிரி நிறுப்பியாடா?"

"கோயில்ல துலாபாரத்துக்கு ஏறினியே?" என்றார் சித்தப்பா.

"அது சாமிக்கு."

"இது கேப்டனுக்கு. ஏறுக்கா."

அத்தை கிழக்கே பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். சித்தப்பா ஊசியைப் பார்த்தார். எழுதி, எழுதியதைக் கையால் மூடிக்கொண்டார். அடுத்து நான். நாற்பத்தொன்பது ராத்தல். அதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேப்டனும் தொப்பியைக் கழற்றாமல் ஏறி இறங்கினார். தராசுக்குத் தப்பியவர் ஒருவருமில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

கர்வத்தோடு விமானத்தை நோக்கி நடந்தால், இரண்டு ஆட்கள் மணல் மூட்டைகளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையும் என்னைப் போல இரண்டு மடங்கு.

"எதுக்கு மணல்?" என்றேன்.

"வெயிட் பத்தல மரி," என்றார் மூட்டைக்காரர், கன்னடத்தில் என்னைக் குட்டியாக்கி. "முன்னாடி குதிரை இல்ல. வேலை போன கோவத்துல பாதி ஜனமும் வரல. மணல் இல்லாட்டி வண்டி ஆட்டம் குடுக்கும்."

நான் நாய்க்குப் போட்ட இட்லியெல்லாம் என் கண்ணெதிரே மணலாக ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன், இயந்திரம் உறுமியது, தலை சுற்றியது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது அத்தை என் வாயில் தயிர்சாதம் திணித்துக்கொண்டிருந்தாள். சுற்று முடிந்து சக்கரம் தரையைத் தட்டியது. ஏரியெல்லாம் தாம்பாளம் மாதிரி இருந்ததென்று அத்தை பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்டது அவள் முழங்கையை மட்டும்.

விடுவதாக இல்லை. இன்னொரு சுற்று வாங்கியே தீருவதென்று இறங்கி ஓடினேன். சித்தப்பா நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே, தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இனி யாரும் கேட்கப்போகாத எடைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதிக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று கிடையாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்றேன்.

அதற்கும் அதே தலையாட்டல்தான்.

"இன்னிக்காவது ஏறியிருக்கலாமே சித்தப்பா. இடம்தான் இருந்துச்சே."

அவர் சொன்ன பதிலை வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். எண் படிக்கத் தெரிந்த பையன்தான் நான். ஊசி எங்கே நிற்கிறதென்று பார்த்துச் சொல்ல என்னாலேயே முடிந்திருக்கும். அது அன்று தோன்றவில்லை. அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:

"என்னை யாருடா நிறுப்பாங்க?"