லைன் சரியான ஞாயிறு

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் கடையில் நான்கு பென்டியம் கம்பியூட்டர்கள் இருந்தன. கொழும்பில் ஏதோ கம்பனிக் கந்தோர் கழித்துவிட்ட கிழடுகள். காசில்லாமல் கிடைத்த லினக்ஸைப் போட்டு ஓட்டினோம். சண்டைக் காலம், வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில். சனம் வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து கதைக்கும். குரலோ துண்டு துண்டாக வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அந்தக் கோபத்தை நினைக்கவும் ஆசையாக இருக்கிறது.

இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் அம்மா ஞாயிறு தவறாமல் வருவார். மூத்த மகன் லண்டனில். இளையவன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை; உடலைத்தான் கொண்டுவந்தார்கள். மூத்தவனுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பிளேனில் ஏறிவிடுவான், இவனையும் இழந்துவிடுவேன் என்று பயம். அவன் தம்பியைப் பற்றிக் கேட்டால், "கேக்கேல்லை மகன், லைன் சரியில்லை" என்பார்.

கம்பியூட்டரின் எல்லா நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும் அடிப்படைத் துண்டுகளான லைப்ரரிகள், எந்தப் பழைய சிப்பிலும் ஓடட்டும் என்று பொதுவாகக் கட்டப்பட்டு வந்திருந்தன. எல்லாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை மாதிரி. எங்கள் பென்டியத்தின் அளவுக்கு அவற்றை மூல நிரலிலிருந்து திரும்பக் கட்டி, கம்பைல் பண்ணினால், கிழடுகள் வேகமாக ஓடும், குரல் உடையாது என்று பிடிவாதமாக நின்றேன்.

முதலில் முதலாளியின் புதுக் கம்பியூட்டரில் வைத்துக் கட்டினேன். அது அந்தப் புதுச் சிப்புக்கே பொருந்திப் போயிற்று. பழசில் போட்டதும் ஒரு கட்டளையும் ஓடவில்லை.

"ஓடிக்கொண்டிருந்ததில ஏன் கை வைச்சனீர்?" என்று முதலாளி கத்தினார்.

"பிள்ளை கம்பியூட்டருக்குப் பேயோட்டுது" என்று வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழசிலேயே தொடங்கினேன். கரண்ட் போகும், வேலை அறுந்துவிடும். சனியனே என்று திட்டிக்கொண்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

அந்த அம்மா மட்டும், "ஏன் பிள்ளை மினக்கெடுறியள்? எனக்கு இவ்வளவு கேட்டாலே காணும்" என்றார். வேலை மும்முரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

கட்டி முடித்த அடுத்த ஞாயிறு மகனின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வந்தது.

"சாப்பிட்டீங்களோ அம்மா?"

"ஓம் மகன், ஓம்!" அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, இவன்ர குரல் தகப்பன்ர குரலாவே வந்திட்டுது!"

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவ்வளவு சந்தோஷம்.

"தம்பி எங்கையம்மா? பக்கத்தில நிக்கிறானோ?"

அம்மா என் கையை விட்டார். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேல்லை மகன். லைன் சரியில்லை."

"எனக்கு நல்லாக் கேக்குதம்மா."

அவன் மூச்சு விடுவதுகூட எங்களுக்குக் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டான்.

"எப்ப அம்மா?"