கோமதி மாமி பின்னாலிருந்து எடுத்த படங்கள்

செய்தி வந்தபோது என் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சகஸ்ரநாமப் பாராயணத்திற்கு வந்திருந்த சாரதா, பத்மா, முத்துலட்சுமி, பிறகு நான், அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்த என் கணவர். போனை எடுத்தவர் அவர்தான். கோமதி மாமி தூக்கத்திலேயே போய்விட்டதாக அரிசோனாவிலிருந்து மகன் ரமணி சொல்லியிருக்கிறான். கணவர் நிலைப்படியில் வந்து நின்ற விதத்திலேயே ஏதோ புரிந்தது. பாராயணத்தைப் பாதியில் விடக்கூடாதென்று முடித்துவிட்டுத்தான் என்னவென்று கேட்டோம்.

கிழக்கேகோட்டையில் நம் தெருவில் மாமியைத் தெரியாதவர் இல்லை. ஆனால் வருஷத்தில் ஆறு மாதம், மகனுடைய பாலைவனத்து ஊரில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்கும் தெரியாது. ரமணி ஆபீஸ் போனதும் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அணில்களைப் படமெடுப்பார். மண்ணில் வளை தோண்டி வாழும் தரை அணில்கள். படங்கள் எனக்கு வரும். என்ன வகை என்று போனில் தேடித் தேடிக் கண்டுபிடித்து நோட்டில் குறித்துவைப்பது என் வேலை. யாரும் சொல்லித்தரவில்லை, நானாகப் படித்துக்கொண்டதுதான்.

முதல் படம் வந்த அன்று, உடம்பில் பக்கத்துக்கு ஒரு கோடுதான் இருக்கிறதே என்றேன். "ராமர் அவசரத்துல தடவியிருப்பார்டீ" என்றார்.

சங்கடம் அந்தக் கோட்டில்தான். அப்படிக் கோடு போட்டவற்றில் இரண்டு வகை உண்டு. வாலின் அடிப்பக்கம் வெள்ளையா சாம்பலா என்று பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஓடும்போது வாலை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும்; பின்னாலிருந்து எடுத்தால் தெரிந்துவிடும். மாமி எடுக்கமாட்டார்.

"சுவாமியைப் பின்னாடி நின்னுண்டு பாப்பாளோ?"

"மாமி, இது அணில்."

"ராமர் தொட்டதாக்கும். முகம் நன்னா விழுந்திருக்கு அல்லே? அது மதி, போறும்."

முகம் நன்றாகத்தான் விழுந்தது. நூற்றுப் பதினேழு படம், நூற்றுப் பதினேழும் முகம். என் நோட்டில் நூற்றுப் பதினேழு கேள்விக்குறி. நானும் சுந்தரகாண்டம் படிக்கிறவள்தான்; பக்திக்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அணிலுக்கு என்னைத் தெரியும், உன் நோட்டைத் தெரியாது கேட்டயா" என்று போனை வைத்துவிடுவார்.

கடைசியாகப் பேசியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "இனி முகத்தை மட்டும் அனுப்பினா நான் திறந்தே பாக்கமாட்டேன் மாமி" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது: "மன்னிப்பு கேட்டுண்டு பின்னாலேர்ந்து எடுத்துட்டேன்டீ. ரமணியோட பெரிய கேமராவுல. அவன் வந்ததும் அனுப்பச் சொல்றேன். இனிமே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே."

மறுநாள் பாராயணத்தின்போதுதான் அந்தப் போன் வந்தது.

பதின்மூன்றாம் நாள் கழிந்து ரமணியிடம் கேட்டேன். "அணில் படமா மாமி, இப்பவா?" என்றான். அடுத்த முறை, கேமராவை யாருக்கோ கொடுக்கப்போவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை.

எந்த வகை என்பது எனக்கு இப்போது பெரிதில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தாக வேண்டும். அதைவிட, வேறு யாருக்காகவும் விடாத வழக்கத்தை என் கோபத்துக்காக மாமி விட்டார். அப்படி எடுத்ததை நான் பார்க்காமலே போனால், நான் கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சு மட்டும்தான் மிச்சம். மாமியுடையதாக இன்று என்னிடம் இருப்பவை அந்த முகங்களும், ஒரு குரல்பதிவும்.

ரமணி, இது வெளியாகும் நம் தெருச் செய்தி மடல் உனக்கும் வருகிறது. கேமராவைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை எனக்கு அனுப்பு. அழித்துவிட்டாய் என்றால் அதையாவது சொல். இந்த வாரத்துக்குள் பதில் போடு.