மாமா கோல்கீப்பர் பார்க்கப் போனது

என் மாமா தன் ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் கால்பந்தை உதைத்திருக்கிறார். பந்து எங்கே போயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததும், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டதும், அவர் ஆபீசுக்கு நொண்டிக்கொண்டு போனதும்தான் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. அப்படிப்பட்டவர்தான் வங்காளத்தில், பவானிப்பூரில் ஒரு கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பில் இருந்தார் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்கே நம்பவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். அப்பாவுக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். தெருக்கோடியில் வங்காளிப் பிள்ளைகள் நடத்திவந்த கிளப்புக்கு, மைதானத்தில் இடம் கேட்டு விண்ணப்பம் எழுத நல்ல இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. மாமாவைக் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்கு வராமல் அங்கேயே உட்கார்ந்து, கிளப் ஏன் தோற்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். வாயடைக்க வழி தெரியாமல் அவரையே காரியதரிசி ஆக்கிவிட்டார்கள்.

அந்த நாளில் எல்லாக் கிளப்புகளும் வருஷா வருஷம் ஆள் பிடிக்கும். பேர் வாங்கிய ஆட்டக்காரனுக்கு ஒரு ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அடுத்த வருஷம் அதைவிட நல்ல வேலையோடு இன்னொரு கிளப் வந்து அவனைக் கொண்டுபோய்விடும். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. மீசை முளைக்காத பையன்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தை விடாமல் படிக்கவைக்க வேண்டும், இரண்டாவது அணியில் ஆடவிட்டு உடம்பு முற்றிய பிறகுதான் பெரிய ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கிளப்பின் தலைவர் ஒரு வக்கீல் பாபு. அவர் மீசையை நீவிக்கொண்டே மூன்று வருஷம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒரு கோப்பையாவது வராவிட்டால் இந்தப் பால்குடிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு டாக்காவிலிருந்து ஆள் எடுப்பதாகவும் சொல்லிவைத்தார்.

மாமா வேட்டையில் இறங்கினார். காளிகாட் சந்தில் பம்பளிமாஸ் காயை உதைத்துக்கொண்டிருந்த ஒருவன் அகப்பட்டான். படகுத்துறையில் தண்டவாளத்தின் மேல் ஓடிப் பழகிய ஒருவன் அகப்பட்டான். சனிக்கிழமை தோறும் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாம்பாரைப் பருப்பு என்றும் ரசத்தைப் பருப்புத் தண்ணீர் என்றும் சொல்லி அம்மாவின் பிராணனை வாங்கினார்கள்.

“எத்தனை நாளைக்குடா இப்படிக் கொட்டிண்டே இருக்கறது?” என்று அம்மா கேட்பாள்.

“பாலுக்கு உறை குத்திட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறிப் பார்த்தா தயிராகுமா, அக்கா? கொஞ்சம் சும்மா விடணும்.”

“தயிர் ஆகறதுக்குள்ளே என் அரிசிப் பானை காலியாயிடும் போலிருக்கே!”

எல்லா இடத்துக்கும் ஆள் கிடைத்து, கோல் காக்க மட்டும் கிடைக்கவில்லை. கார்டன் ரீச்சில் ஒரு பையன் இருக்கிறான், நின்றபடியே மாமரத்தில் காய் பறிக்கிறான் என்று தகவல் வந்தது. மாமா ராகுகாலம் கழித்துப் புறப்பட்டார். அவருடைய வங்காளி பாஷை பாதியில் நின்றுவிடும் வண்டி மாதிரி. எனக்கோ தெருவில் விளையாடி விளையாடி அதுதான் தாய்மொழி போல இருந்தது. அதனால் துபாஷியாக என்னையும் அழைத்துக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. வெளியே போவதென்றால் பட்டுப்பாவாடைதான் கட்டுவேன் என்று அழுது கட்டிக்கொண்டேன்.

“ஒரு பிள்ளையைக் கேக்கப் போறச்சே வெறுங்கையை வீசிண்டா போவா?” என்று அம்மா பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், மேலே ஒரு பந்து சாமந்தி. எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் அப்படித்தான். கிதிர்பூர் வரை டிராம், அப்புறம் குதிரை வண்டி. தாம்பாளம் என் மடியிலேயே இருந்தது.

கதவைத் திறந்தது பையனின் அத்தை. என்னைப் பார்த்தாள், பட்டுப்பாவாடையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். உடனே உள்ளே ஓடினாள். அடுத்த நிமிஷம், அங்கே நல்ல காரியத்துக்கு ஊதும் சங்கின் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கூடிவிட்டார்கள். பாய் விரித்து, சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து வைத்தார்கள். கிளப்பின் புகழ் கார்டன் ரீச் வரைக்கும் பரவிவிட்டதே என்று மாமா பூரித்துப்போனார்.

“உங்கள் பிள்ளையை எங்களுக்குக் கொடுக்க வேண்டும்” என்று தானே வங்காளியில் ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிழையில்லாமல் வந்து தொலைத்தது.

பையனின் அம்மா என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். “நிறம் கொஞ்சம் மட்டு. கண் நன்றாக இருக்கிறது” என்றாள்.

“உங்கள் வீட்டில் மீன் உண்டா?” என்று அத்தை கேட்டாள்.

“நாங்கள் தொடமாட்டோம். பையன் தாராளமாகச் சாப்பிடலாம். உடம்புக்கு நல்லது” என்றார் மாமா.

அத்தையின் முகம் சுருங்கியது. “அப்படியானால் பிள்ளை உங்கள் வீட்டில்தான் இருப்பானா? வீட்டோடு மாப்பிள்ளையா?”

“சனிக்கிழமை மட்டும்” என்றார் மாமா.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வாயில் இருந்த சந்தேஷை அவசரமாக விழுங்கிவிட்டுக் கத்தினேன். “எனக்கு வேண்டாம் மாஷிமா! கோலுக்குத்தான் வேண்டும்!”

முதலில் சிரித்தவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தப் பையன்தான். நிலை தலையில் இடிக்காமல் குனிந்து, சிரித்தபடி வெளியே வந்தான். நிமிர்ந்து நின்றபோதும் கைகள் முழங்காலைத் தொட்டன. மாமா அவனைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்த மாமியாரும் மருமகனை அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். பையனின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஏற்கெனவே இரண்டு கிளப்புகள் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். ஒன்று பூட்ஸ் தருகிறதாம். இன்னொன்று மில் ஆபீசில் அடுத்த மாதமே வேலை தருகிறதாம். நீங்கள் என்ன தருவீர்கள் என்று கேட்டாள்.

மாமா தமிழில் சொல்லச் சொல்ல நான் வங்காளியில் சொன்னேன். வேலையும் இல்லை, பூட்ஸும் இல்லை. பையன் பரீட்சை எழுதி முடிக்கட்டும். அதுவரை சின்ன ஆட்டங்களில் நிற்கட்டும். எலும்பு முற்றாமல், எதிர்த்து ஆடும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு முன்னால் அவனைத் தள்ள எனக்கு மனசு வராது.

பையனின் அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். “வந்தவர்கள் எல்லோரும் நாளைக்கே வேண்டும் என்றார்கள். காத்திருக்கிறேன் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்” என்று சொல்லித் தாம்பாளத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

அந்த வருஷம் தோற்றார்கள். அடுத்த வருஷமும் தோற்றார்கள். அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “என்ன, உன் பட்டாளம் இன்னிக்கு எத்தனை வாங்கிண்டு வந்தது?” என்பதுதான். மாமா கோபித்துக்கொள்ளமாட்டார். கோல் கணக்கையும் சொல்லிவிட்டு, யார் யார் ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வார்.

மூன்றாவது வருஷம் எனக்குப் பத்து வயது. ஊரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிடுவதென்று அப்பா தீர்மானம் செய்துவிட்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம். அரக்குப் பட்டு, கைக்கு வங்கி, நாகஸ்வரம், ஊஞ்சல், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கப்போகிறார்கள்! மாமா மட்டும்தான் குறுக்கே வந்தார்.

“அவ இன்னும் படிக்கட்டும், அத்திம்பேர். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பரீட்சையிலும் முதல். இப்ப என்ன அவசரம்?”

“உனக்கு எல்லாத்தையும் சும்மா விட்டு வைக்கணும். உன் பசங்களுக்கும் அப்படித்தான் தவணை வாங்கினே. என்ன ஆச்சு?”

“பசங்க இந்த வருஷம் ஜெயிப்பா.”

“ஜெயிச்சா நீ சொல்றதைக் கேக்கறேன், போ!” என்று அப்பா சிரித்தார்.

அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் ஒன்பது வயதில் புக்ககம் வந்தவள். அன்று மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர் எல்லை வரை அழுதுகொண்டே ஓடிவந்த பொடியன்தான் இந்த மாமா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டே இதையெல்லாம் கேட்டேன். நாகஸ்வரக்காரர்கள் ரயிலில் வருவார்களா, கப்பலில் வருவார்களா என்பதுதான் அன்று என் கவலை.

பையன்கள் அந்த வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்; அது கோட்டையிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு. மாமா தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அப்பா குடையும் கையுமாகக் கிளம்பினார். அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். காலையிலிருந்து மழை. அவர்களுக்கு பூட்ஸ், நம் பையன்களுக்கு வெறுங்கால். சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். சிப்பாய்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். வக்கீல் பாபு மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. டாக்காவுக்கே புறப்பட்டுவிட்டவர் போல வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவேளைக்குப் பிறகு வெயில் அடித்தது. தரை கொஞ்சம் இறுகியது. வேறெங்கும் ஆடாமல் மூன்று வருஷமாகச் சேர்ந்தே ஆடின பையன்கள்! ஒருவன் திரும்பிப் பார்க்காமலே பின்னால் தள்ளினான், இன்னொருவன் அங்கே இருந்தான். தண்டவாளத்துப் பையன் ஓடினான், பம்பளிமாஸ் பையன் அடித்தான். சமம். மறுபடியும் அதே இருவர், மறுபடியும் கோல்! மைதானமே எழுந்து ஆடியது. மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் நின்றிருந்த அப்பா என்னையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

முடிகிற நேரத்தில் சிப்பாய் ஒருவன் தனியாக வந்துவிட்டான். நடுவில் யாரும் இல்லை. கார்டன் ரீச் பையன் மட்டும் நின்றான். சிப்பாய் அடித்தான். நீண்ட கை ஒன்று பந்தைத் தட்டியது. பந்து தரையில் விழ, பையன் அதன் மேல் விழுந்தான். பூட்ஸ்கள் அவன் விலாவைச் சுற்றி மிதித்தன.

“விடாதேடா! விடாதே! கெட்டியாப் பிடிச்சுக்கோடா கண்ணா!”

தமிழில் அலறியது யாரென்று பார்த்தேன். என் அப்பா. குடை எங்கோ போயிருந்தது, தலைப்பாகை அவிழ்ந்து என் கால்மேல் தொங்கியது. பையன் பந்தை விடவில்லை. விசில் ஊதினார்கள். ஜெயித்துவிட்டோம்! அந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்கு இன்றும் வராது.

அன்று சாயங்காலம் பவானிப்பூரில் எங்கள் தெரு கொள்ளவில்லை. வக்கீல் பாபு மாமாவைக் கட்டிக்கொண்டு, தன்னுடைய மூன்று வருஷத் திட்டம் பலித்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கார்டன் ரீச்சிலிருந்து குதிரை வண்டியில் பையனின் அம்மாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். கையில் எங்கள் பித்தளைத் தாம்பாளம், அது நிறைய சந்தேஷ். அத்தை எங்கள் வாசலில் நின்று சங்கு ஊதினாள். இந்தத் தடவை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். “ஊருக்கு எழுதிடறேன். இப்போ கல்யாணம் இல்லை. அவ படிக்கட்டும்.”

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அரக்குப் பட்டு போச்சு, வங்கி போச்சு, நாகஸ்வரம் போச்சு! எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மாமாதான் என்று தெரிந்ததும், தூக்க வந்தவரின் கையைக் கடித்துவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஒரு கிண்ணம் பாயசத்தோடு தேடிக்கொண்டு வந்தாள். பசங்களுக்கு முன்னால், மாமாவுக்கு முன்னால், எனக்குத்தான் முதல் கிண்ணம். குடிக்கக் குடிக்க என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். பாவம், அவளும் அந்த அரக்குப் பட்டுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். தோற்றவளைத் தேற்றுவதற்காகப் பாயசம் கொண்டுவந்திருக்கிறாள் என்றும் நினைத்தேன். அன்றைக்கு ஜெயித்தவள் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.