பிராக் நகரில் எல்லாரும் கேட்ட "ஆணோ?"

ஹரீஷ், தர்ஷினி, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நான் வேலை பார்க்கும் கண்ணாடிப் பட்டறைக்குப் புதிதாக வெட்டும் மெஷின் வருகிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள, செக் நாட்டில் இருக்கும் பிராக் என்ற பழைய நகரத்துக்கு என்னை நான்கு நாள் அனுப்பினார்கள்.

செவ்வாய், மாலை 5 மணி, அபுதாபி முசஃபா. பாஸ்போர்ட் வாங்க ஆபீசுக்குப் போனேன். பதினோரு வருடமாக அது ஆபீஸ் லாக்கரில்தான் கிடக்கிறது. லீவில் ஊருக்கு வரும்போது மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். விசா வேலை பார்க்கும் மலையாளி சார் எடுத்து நீட்டினார்.

"தொலைச்சுட்டு வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டோ. வந்ததும் என் மேசைக்கு வரணும்."

"பத்திரமா வெச்சிருப்பேன் சார்."

"ஆணோ?" என்றார், புருவத்தைத் தூக்கி.

மலையாளத்தில் ஆணோ என்றால் 'அப்படியா?' என்று அர்த்தம். வளைகுடாவில் இந்தச் சொல் தெரியாத தமிழன் கிடையாது. என் ரூமில் இருக்கும் ஷாஜி, நான் எதைச் சொன்னாலும் இதைத்தான் கேட்பான். நம்பாதவன் வாயில் வரும் சொல் அது.

புதன், மதியம் 1 மணி, பிராக் விமான நிலையம். ஊருக்குள் போக ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர். தொண்ணூறு நிமிட டிக்கெட், இந்த ஊர்ப் பணத்தில் நாற்பது கிரவுன். 59-ம் எண் பஸ் தலைக்கு மேலே இருக்கும் கம்பியில் கரண்ட் எடுத்து ஓடுகிறது. டிக்கெட்டை மஞ்சள் பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். மற்றவர்களைப் பார்த்துதான் குத்தினேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "மெட்ரோ?" என்று கேட்டேன்.

"ஆணோ," என்றாள்.

எனக்குத் திக்கென்றது. நான் மெட்ரோவுக்குப் போவதில் இவளுக்கு என்ன சந்தேகம்?

மெட்ரோ நிலையத்தில் தடுப்புக் கதவும் இல்லை, காவலாளியும் இல்லை. துபாயில் கார்டு தேய்க்காமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. இங்கே சும்மா விடுகிறார்கள் என்றால் எங்கேயோ ஒளிந்து பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, டிக்கெட்டை விரலிடுக்கிலேயே வைத்திருந்தேன்.

மதியம் 2.30. ஹோட்டல் வரவேற்பில் ஒரு பெரியவர் பாஸ்போர்ட் கேட்டார். கொடுத்தேன். "டுடே ரிட்டர்ன்?" என்றேன். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "ஆணோ," என்றார். திரும்பிக் கிடைக்கும் என்றா நினைக்கிறாய் என்று கேட்பது போலிருந்தது. சாவியுடன் மேலே போனேன். பின்னாலிருந்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். இன்னும் எதைக் கேட்பாரோ என்று நிற்கவில்லை. சற்று நேரத்தில் பக்கவாசல் வழியாக ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

மாலை 4 மணி, பழைய நகரச் சதுக்கம். பல நூறு வருடப் பழைய கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணி அடிக்கும்போது ஒரு எலும்புக்கூடு பொம்மை கயிறு இழுக்க, மேலே ஜன்னலில் சாமிமார்கள் வரிசையாக வந்து போகிறார்கள். கூட்டமே அண்ணாந்து பார்த்தது. நான் மட்டும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் தராவிட்டால் சனிக்கிழமை எப்படி விமானம் ஏறுவேன்? விசாவும் அதில்தானே ஒட்டியிருக்கிறது.

நடந்து ஆற்றங்கரைக்கு வந்தேன். அரை கிலோமீட்டர் நீளக் கல்பாலம், இரண்டு பக்கமும் சிலைகள். நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "சார்லஸ் பாலமா?" என்று சைகையில் கேட்டேன்.

"ஆணோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டது நான்! என்னையே ஆணோன்னா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அந்த அம்மா பயப்படவில்லை. பாலத்தைக் காட்டி, தலையை மேலும் கீழும் நன்றாக ஆட்டி, "ஆணோ, ஆணோ. யெஸ்," என்றார்.

யெஸ்ஸா? அப்போதுதான் உறைத்தது. இவர்கள் மொழியில் அந்தச் சத்தத்துக்கு 'ஆமாம்' என்று அர்த்தம். பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னது ஆமாம். அப்படியானால் ஹோட்டல் பெரியவர் சொன்னதும்...

ஹோட்டலுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் பெரியவர் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தார். "டூ மினிட்ஸ் வேலை. கூப்பிட்டேன். நீ ஏன் நிற்காமல் போனாய்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. நின்று கையோடு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை.

மெஷினைக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமை திரும்பினேன். பிராக்கில் யாரும் என்னை ஏமாற்றவில்லை, பிள்ளைகளே. வீணாகப் பயந்து அந்தக் கடிகாரத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் விட்டதுதான் வருத்தம்.

திங்கள், காலை 9 மணி, முசஃபா. மலையாளி சார் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட் எவிடே?"

"போட்டோகாப்பி எடுத்துக்குங்க சார். ஒரிஜினல் எங்கிட்டயே இருக்கட்டும். சட்டமும் அதானே?"

பேனாவைக் கீழே வைத்தார். புருவம் உயர்ந்தது.

"ஆணோ?"

"ஆணோ," என்றேன், பாலத்து அம்மா மாதிரி தலையை நன்றாக ஆட்டி.