கனமூலத்தில் முதலிடம்

ஜொகூர் பாருவில் நில அளவை அலுவலகத்தில் கணக்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த நாட்களில் எனக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஊரில் மேடையேறும் பதினாறு பேரையும் எடைப்பிரிவு பார்க்காமல் ஒரே வரிசையில் நிறுத்த ஆசைப்பட்டேன். எடை கூடுகிற அளவுக்குப் பலம் கூடுவதில்லை. அதனால் ஒவ்வொருவனின் வெற்றிகளுக்கும் மதிப்பெண் போட்டு, அவன் எடையின் கனமூலத்தை எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுத்தேன். மூன்று விடுமுறை வெள்ளிக்கிழமைகள் அதிலேயே போயின. முதலாவதாக வந்தவன் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கும் தமிழன், நூற்றுப் பன்னிரண்டு ராத்தல். நூற்று எழுபது ராத்தல் போலீஸ்காரன் ஐந்தாவது.

பட்டியலைக் காப்பிக்கடைச் சுவரில் ஒட்டினேன். 'எல்லாரும் ஒரே எடையாக இருந்தால்' என்று மேலே எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. நான்காம் நாள் பந்தயம் நடத்துகிறவர் அந்த இருவருக்கும் சண்டை அறிவித்துவிட்டார். மூட்டைக்காரனும் சரியென்று சொல்லியிருந்தான்.

மறுநாள் அவன் மனைவி அலுவலக வாசலில் நின்றாள்.

"நீங்கதானே கணக்கு போட்டீங்க?"

"ஆமாம்மா. ஆனா அது வந்து..."

"அவரு தோத்துருவாருன்னு ஒண்ணு போட்டுக் குடுங்க. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாரு. நான் சொன்னா சிரிக்கிறாரு."

பொய்க்கணக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. கை ஒரே வேகத்தில் வந்தால் அடியின் கனம் எடையைப் பொறுத்தது. போலீஸ்காரனின் ஒரு குத்து இவனுடைய ஒன்றரைக் குத்து. அதை ஒரு தாளில் எழுதினேன். தாளோடு கொட்டகைக்கு ஓடினேன்.

தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே கேட்டான். "போன வாரம் நான் ஒண்ணாவது. இந்த வாரம் இல்லையா, கிராணி?"

"அது ஒரே எடையா இருந்தா, தம்பி. நீ அவன் எடை இல்ல லா!"

"என் காலு வேகத்துக்கு அவனால வர முடியாது. நீங்க என் மூலையில வந்து நில்லுங்க. போதும்."

நின்றேன். முதல் இரண்டு சுற்றிலும் அவன் தொட்டுவிட்டு விலகினான். போலீஸ்காரன் காற்றைத்தான் குத்தினான். "ஒண்ணாவது! ஒண்ணாவது!" என்று கூட்டம் கத்தியது. மூன்றாவது சுற்றில் மூட்டைக்காரன் கயிற்றோரம் மாட்டிக்கொண்டான். விலாவில் ஒரே குத்து. மடிந்தவன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்தான். என் கையில் துண்டைப் பார்த்ததும் வேண்டாமென்று தலையசைத்தான். பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். உதறிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை மேடைக்குள் வீசினேன்.

இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில், "நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். ஏன் துண்டைப் போட்டீங்க?" என்று கேட்டான். அதற்குப் பிறகு என்னோடு அவன் பேசியதே இல்லை. மறு வருஷம் தன் எடையிலேயே மூன்று பேரை வென்றான். அவன் மனைவி மட்டும் சந்தையில் பார்த்தால் நின்று, வீட்டில் சுகமா என்று விசாரிப்பாள்.