கன்னத்துக் கலமும் காற்றுக்குமிழியும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகில் இரண்டே வகை: ஒன்று கோயில் ஐயர், மற்றது விஞ்ஞான ரீச்சர். ஐயரிடம் யாரும் "எங்கே, காட்டுங்கோ" என்று கேட்பதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் முன் வெண்கட்டியோடு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் புதிதாயிராது. பக்கத்துக் கதிரையில் சாய்ந்திருந்து தலையை ஆட்டுங்கள், போதும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்த நான், மெல்பேணுக்கு வந்த பிறகு பழம் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில், ஓடும் பட்டியின் முன் நின்று அழுகிய பீச் பழம் பொறுக்கினேன். பிறகுதான் டண்டினொங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பிரசவ விடுமுறையில் போன ஆசிரியையின் இடத்துக்கு ஒரு தவணைக்கு, மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்தார்கள். எட்டாம் வகுப்பு. பாடம், கலம், தமிழ்நாட்டார் செல் என்பார்கள். விஞ்ஞானப் பகுதித் தலைவர் மிஸ்டர் பிராட்லி முதல் நாளே சொல்லிவிட்டார்: தவணை முடிவில் ஒரு பாடத்தைக் கடைசி வாங்கில், பிள்ளைகளின் பெஞ்சில் இருந்து பார்ப்பார், என் ஆங்கிலம் பிள்ளைகளுக்கு விளங்கி, வகுப்பும் ஒழுங்காக நடந்தால் நான் தொடரலாம். இல்லையென்றால் மறுபடி பீச் பழம்.

அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் பேசியதை என் வாய்த் தமிழில் எழுதுகிறேன்.

தப்பி ஓடும் கலம்

வெங்காயத்தின் உள்தோலை மெல்ல உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் விரித்து, அதன்மேல் மூடுகண்ணாடியைச் சரித்துச் சரித்து இறக்க வேண்டும். அப்போதுதான் செங்கல் மதில் போலக் கலங்கள் வரிசையாகத் தெரியும். என் பிள்ளைகள் மூடுகண்ணாடியைச் சரிக்கவில்லை, போட்டார்கள். உள்ளே காற்று அகப்பட்டுக்கொண்டது. காற்றுக்குமிழி நுணுக்குக்காட்டியில், அதுதான் மைக்ரோஸ்கோப்பில், மிக அழகாயிருக்கும்: தடித்த கறுப்பு விளிம்பு, நடுவே முழுநிலவு. வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் பென்சிலால் பார்த்துப் பார்த்துக் கீறினார்கள்.

பீற்றர் என்று ஒரு பையன். மோட்டார் திருத்துபவரின் மகன், தொண்டையும் கராஜ் தொண்டை. அவனுடைய நிலவைப் பார்த்து, இது கலம் இல்லை, காற்று, காற்றுக்கு உயிரில்லை என்று விளக்கினேன். அவன் பென்சில் முனையால் மூடுகண்ணாடியை ஒருமுறை அமர்த்திவிட்டு, குனிந்து பார்த்து, முழு வகுப்புக்கும் அறிவித்தான்.

"உயிரில்லாட்டி ஏன் மிஸ் என்ரை கலம் தப்பி ஓடுது?"

பாராமல் கீறிய படம்

அதே வகுப்பில் எலேனி இருந்தாள். கிரேக்கக் குடும்பம், தாயும் தகப்பனும் கார்த் தொழிற்சாலையில் மாறி மாறி வேலை. வாய் திறக்காத பிள்ளை. அவளுடைய படத்தில் ஒரு குறையும் இல்லை. கலச்சுவர், கரு, நடுவே நீர் நிறைந்த வெற்றிடம், எல்லாவற்றுக்கும் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. ஆனால் அவளுடைய நுணுக்குக்காட்டியின் அடியில் வெளிச்சம் பிடிக்கும் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு துளி வெளிச்சமும் உள்ளே போக வழியில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் என் சாதிப் பிள்ளை. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். வித்தியாதரிசி பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வரும் நாளில் மட்டும் வெளியே வந்து மேசையில் நிற்கும். நாங்கள் கலத்தைக் காணாமலே பிழையில்லாமல் கீறிப் பழகியவர்கள். பல்கலைக்கழகத்தில் முதன்முதல் கண்ணை வைத்தபோது எனக்குத் தெரிந்தது என் கண்மயிர்தான்.

கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பிவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்: இரண்டு கண்ணையும் திறந்து வைத்திரு, முதலில் உன் கண்மயிர்தான் தெரியும், அவசரப்படாதே. நெடுநேரம் பார்த்தாள். மற்றவர்கள் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நிமிர்ந்தபோது, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போலவும் பரிசு தந்தது போலவும் ஒரு முகம்.

"புத்தகத்திலை இருக்கிற மாதிரி வடிவா இல்லை மிஸ். ஆனா கனக்க இருக்கு, எண்ணி முடியாது."

முதலாவது கலம்

கலக் கொள்கை மூன்றே வசனம். உயிருள்ளவை எல்லாம் கலத்தால் ஆனவை. உயிரின் மிகச் சிறிய அலகு கலம். ஒவ்வொரு கலமும் முன்பிருந்த ஒரு கலத்திலிருந்தே வரும். மூன்றாவதைக் கரும்பலகையில் எழுதிய அன்றைக்கு முதல் நாள்தான் ஊரிலிருந்து தந்தி வந்தது. அம்மா போய்விட்டார். போய்ச் சேர முடியாத தூரம். வீட்டில் இருந்து அழலாம்தான்; தற்காலிக ஆசிரியை லீவு எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு தற்காலிகம் வந்து நிற்கும். சேலையை உடுத்து, பஸ் ஏறினேன்.

எழுதி முடித்துத் திரும்பியபோது வெண்கட்டி கையில் உடைந்திருந்தது. என் உடம்பின் அத்தனை கலங்களும் அம்மாவிடம் இருந்த ஒன்றிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தவை என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. அன்றுதான் அது பாடமாக இல்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துப் பீற்றர் கையை உயர்த்தினான். ஒவ்வொன்றும் முன்பிருந்ததிலிருந்து வந்தால், முதலாவது எதிலிருந்து வந்தது? உடைந்த வெண்கட்டித் துண்டுகளைப் பலகைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னான்.

"பரவாயில்லை மிஸ். மிஸ்டர் பிராட்லியைக் கேட்டனான், அவருக்கும் தெரியாது."

எச்சில்

தாவரக் கலம் முடிந்தால் விலங்குக் கலம். அதற்கு மலிவான விலங்கு மாணவன்தான். பல்லுக்குத்தும் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, தகட்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட வேண்டும். மிஸ்டர் பிராட்லி பார்வையிட வருவதாகச் சொன்ன பாடம் இதுதான்.

தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவள் நான். முந்தின வகுப்பொன்று செய்து முடித்த குச்சிகளை வாளியில் கண்ட அன்று, வாளியைச் சுற்றிக் கடந்து போனேன். வீட்டுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் சமைக்கக் குசினிக்குள் கால் வைத்தேன். ஆனாலும் பழக வேண்டுமே. ஒரு சனிக்கிழமை என் கணவரைக் கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் குச்சியோடு நெருங்கினேன். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு, பேப்பரையும் எடுத்துக்கொண்டார்.

"நான் குடிச்ச கோப்பையிலை ஒரு மிடறு குடிக்கமாட்டீர், நீர் ஊர்ப் பிள்ளையளின்ரை எச்சிலைக் கண்ணாடியிலை தடவப் போறீரோ?"

கடைசி வாங்கில் மிஸ்டர் பிராட்லி

அவர் வந்தார், கடைசி வாங்கில் அமர்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், வகுப்பு கல்லாகிவிட்டது. யார் முதலில் செய்து காட்டுவது என்று கேட்டேன். பக்கத்துப் பிள்ளை பார்க்கத் தன் வாய்க்குள் இருப்பதைக் காட்ட ஒருவருக்கும் விருப்பமில்லை. யன்னலுக்கு வெளியே மெல்பேண் வானம் வழக்கம்போல ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு காலமும் காட்டிக்கொண்டிருந்தது. பீச் பழ வாசம் என் மூக்குக்கு வந்தேவிட்டது.

அப்போது பீற்றர் கேட்டான், என் தோலைப்போலவே என் கலமும் மண்ணிறமாக இருக்குமா என்று. சிலர் சிரிப்பை அடக்கினார்கள். மிஸ்டர் பிராட்லி கைகளை அவிழ்த்து எழும்பப் பார்த்தார். பையன் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அறியத்தான் கேட்டான். நான் ஒரு குச்சியை எடுத்தேன். அத்தனை பேர் முன்னிலையில் வாயைத் திறந்து, கன்னத்தைச் சுரண்டி, என் எச்சிலை என் கையாலேயே தகட்டில் தடவினேன். நீலச் சாயம். மூடுகண்ணாடி. பீற்றரை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்து, உங்களிடம் இருப்பதும் காற்றுக்குமிழிதான் என்றான். வகுப்பு வெடித்துச் சிரித்தது, நானும் சிரித்தேன். கல் கரைந்தது. குச்சிகளை எடுக்க ஆளுக்காள் முண்டியடித்தார்கள்.

மிஸ்டர் பிராட்லியும் முன்னே வந்து என் தகட்டின்மேல் குனிந்தார். அவர் பௌதிகம் படித்த மனிதர். சரியாக அந்த நேரம் ஒரு முகில் சூரியனை மூடிற்று. ஏதோ மயிர் மாதிரித் தெரிகிறது என்று முணுமுணுத்து நிமிரப்போனார். அவருக்குப் பக்கத்தில் நின்ற எலேனி, அந்தத் தவணை முழுவதும் பெரியவர் ஒருவரிடம் தானாகப் பேசியிராத எலேனி, அவருடைய கோட்டுக் கையைத் தொட்டாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருங்கள் சேர், அது உங்கட கண்மயிர், அவசரப்படாதேங்கோ என்றாள். என் ஆங்கிலத்தில், என் உச்சரிப்போடேயே சொன்னாள்.

அவர் பொறுத்திருந்தார். முகில் விலகிற்று. மங்கிய நீலத்தில், ஒழுங்கில்லாத ஓரத்தோடு, நடுவே ஒரு கரும்புள்ளியோடு அது தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடமிருந்து வந்ததுதான் அதுவும். அவர் நெடுநேரம் நிமிரவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, கதவடியில் நின்று, வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், நான் மரக்கறிதானே சாப்பிடுவேன் என்று கேட்டார். ஓம் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த தவணை தவளை வெட்ட வேணும். சமாளிப்பீங்களா?"

ஓய்வு பெறும்வரை டண்டினொங் பிள்ளைகளுக்கு நான் காட்டியதில் கலத்தைவிடக் காற்றுக்குமிழியே அதிகம், ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சம்பளத்தைத்தான் தந்தார்கள்.